பிரபுக்கள் விட்டுப்போன காடு: கில்லார்னி நடைக் குறிப்புகள்

திங்கள்: கதீட்ரல், நாக்ரியர்

அயர்லாந்துக்குப் பச்சைத் தீவு என்று பெயர். அந்தப் பச்சையில் பெரும்பகுதி புல். நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் காடு இருக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் வெளியூர் ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டு, வளர்ந்ததும் வெட்டி விற்கிற தோட்டங்கள். மண்ணுக்கே சொந்தமான பழைய காடு இரண்டு சதவீதம்கூட இல்லை. அந்தக் கொஞ்சத்தில் பெரிய துண்டு தென்மேற்கே கெர்ரி மாவட்டத்தில், கில்லார்னி ஊரை ஒட்டி இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் டப்ளினிலிருந்து ரயில் ஏறினேன். கார்க் நகரில் படிக்கும் அண்ணன் மகள் வழியில் வந்து சேர்ந்துகொண்டாள். தாவரவியல் மாணவி. கூட அழைத்துப்போக இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக செயின்ட் மேரிஸ் கதீட்ரலுக்கு நடந்தோம். 1842-இல் கட்டத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து வேலை நின்றுபோனது. பாதி கட்டிய கோயில், பசியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைக் கிடத்தும் இடமானது. புல்வெளியில் ஒரு பெரிய ரெட்வுட் மரம் நிற்கிறது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடம் அது.

அந்த மரத்துக்கு எதிரே தெருவைக் கடந்தால் நாக்ரியர் எஸ்டேட்டின் வாசல். உள்ளே கென்மேர் பிரபுக்களான பிரௌன் குடும்பத்தின் பூங்காவும் காடும். பஞ்சத்துக்கு அப்புறம் முப்பது ஆண்டுகூட ஆகவில்லை, 1870-களில் குன்றின்மேல் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். 1861-இல் இங்கே வந்த விக்டோரியா ராணி கைகாட்டிய இடம் என்று சொல்வார்கள். அந்த மாளிகை 1913-இல் எரிந்துபோனது. வாசலோரம் இருக்கும் ஓலை வேய்ந்த டீனா லாட்ஜ் பிழைத்தது. இப்போது அது டீக்கடை. ஸ்கோனும் டீயும் நன்றாக இருந்தன.

குன்றைச் சுற்றும் நடை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் லேன் ஏரி முழுக்கத் தெரிகிறது. அதன் பின்னால் மலைகள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. ஜூன் மாதத்தில் இங்கே நடக்க வருவதில் இது ஒரு லாபம்.

செவ்வாய்: ராஸ் கோட்டை, ராஸ் தீவு

பெயர்தான் தீவு. நடந்தே போகலாம்.

கோட்டை ஓ'டோனஹ்யூ குலத்தலைவர்கள் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. ஏரிக்கரையில் ஒற்றைக் கோபுரம், சுற்றிலும் மதில். 1652-இல் இங்கிலாந்தின் கிராம்வெல்லுடைய படை அயர்லாந்தைப் பிடித்துக்கொண்டு வந்தபோது கடைசிவரை நின்ற கோட்டைகளில் இதுவும் ஒன்று. ஏரியில் போர்க்கப்பல் மிதக்கும்வரை ராஸ் விழாது என்று ஊரில் ஒரு வாக்கு இருந்ததாம். படைத்தலைவர் லட்லோ ஆற்று வழியாகப் படகுகளை ஏரிக்கே கொண்டுவந்துவிட்டார். கோட்டை பணிந்தது.

அன்று காற்று பலமாக இருந்ததால் படகுகள் ஓடவில்லை. இனிஸ்ஃபாலன் தீவைக் கரையிலிருந்தே பார்த்துக்கொண்டோம். 7-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு மடம் தோன்றியது. அந்த மடத்துத் துறவிகள் ஐரிஷிலும் லத்தீனிலும் எழுதிச் சேர்த்த ஆண்டுக்குறிப்புகள் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. தீவில் மிச்சம் இருப்பது மரங்களும் இடிந்த சுவர்களும்.

ராஸ் தீவின் முனைக்குப் போகும் பாதையில் கூட்டம் இல்லை. ஆனால் இந்த ஊரின் மிகப் பழைய கதை அங்கேதான் கிடக்கிறது. நாலாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், சுமார் கி.மு. 2400-இல், இங்கே செம்பு வெட்டியிருக்கிறார்கள். அயர்லாந்தில் கண்டுபிடித்ததில் இதுதான் மிகப் பழைய செம்புச் சுரங்கம். பாறைமேல் நெருப்பு மூட்டி, சூட்டில் விரிசல் விட்டதும் உருண்டைக் கல்லால் அடித்துப் பெயர்ப்பது அவர்கள் முறை. அந்தக் கல் சுத்தியல்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் சுரங்கம் தோண்டினார்கள். ஏரித் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது, இறைத்து மாளவில்லை. இப்போது பழைய குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சுற்றிலும் காடு மூடிவிட்டது. இடம் தெரியாமல் வந்தால் ஏதோ இயற்கைக் குளம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

நான் அப்படித்தான் கடந்துபோயிருப்பேன். அவள்தான் கையைப் பிடித்து நிறுத்தி, "சித்தப்பா, இங்க காடு மாதிரி தெரியறது எதையும் அப்படியே நம்பாதீங்க" என்றாள். அந்த எச்சரிக்கை வாரம் முழுக்க என்னோடு நடந்தது.

புதன்: மக்ராஸ் மடம், மாளிகை, ஏரிச் சுற்று

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் வாய்க்கும் என்றால் இதைத்தான் நடக்கச் சொல்வேன். மக்ராஸ் ஏரியைச் சுற்றி வருவது பத்து கிலோமீட்டருக்குச் சமீபம். பெரும்பாலும் சமதளம். காலையில் கிளம்பி, வேடிக்கை பார்த்து, நின்று, உட்கார்ந்து, மாலையில் முடித்தோம்.

முதலில் மடம். 1448-இல் பிரான்சிஸ்கன் துறவிகளுக்காகக் கட்டியது. கூரை இல்லை, சுவர்கள் ஏறக்குறைய முழுசாக இருக்கின்றன. நடு முற்றத்தில் யூ என்ற பசுமை மாறா மரம் ஒன்று. சுற்றுத் தாழ்வாரம் முழுக்க அதன் நிழல். மடத்தின் வயதுதான் மரத்துக்கும் என்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் ஐரிஷ் கவிஞர் ஏகன் ஓ ரஹலி இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். நிலத்தை இழந்த பழைய குலத்தலைவர்களுக்காகப் புலம்பிப் புலம்பிப் பாடியவர். இருப்பவர்களைப் பாடிப் பிழைத்த புலவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இவருக்குப் பாட ஆளே மிச்சமில்லாமல் போனது.

நிலம் கைமாறிய கதை மக்ராஸில் நன்றாகத் தெரியும். மெக்கார்த்தி குலத்துக்குச் சொந்தமான இடம் இது. அந்த வம்சத்தின் கடைசி வாரிசு 1770-இல் இறக்க, எஸ்டேட் ஹெர்பர்ட் குடும்பத்துக்குப் போனது. அவர்கள்தான் இப்போது நாம் பார்க்கும் மாளிகையைக் கட்டினார்கள். வில்லியம் பர்ன் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் வரைந்தது, 1843-இல் முடிந்தது. அறைகள் அறுபத்தைந்து. 1861 ஆகஸ்டில் விக்டோரியா ராணி வந்து தங்கினார். அந்த வருகைக்காகத் திரைச்சீலை முதல் படுக்கை வரை புதிதாக வாங்கிப் போட்டார்கள். தீ விபத்துக்குப் பயந்த ராணிக்குத் தரைத்தளத்தில் அறை. இத்தனையும் ஒரு பட்டம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் செய்த செலவு என்பார்கள். அதே டிசம்பரில் ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார், ராணி வெகுகாலம் துக்கத்தில் முடங்கினார், பட்டம் வரவேயில்லை. நூற்றாண்டின் கடைசியில் ஹெர்பர்ட்கள் கடனில் மூழ்கி, 1899-இல் எஸ்டேட் கின்னஸ் மதுக்குடும்பத்தின் ஆர்டிலான் பிரபுவிடம் போனது.

அடுத்து 1911-இல் வாங்கியவர் வில்லியம் போர்ன், கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்க முதலாளி. மாட் (Maud) என்ற தன் மகளுக்குக் கல்யாணப் பரிசாக இந்த எஸ்டேட்டையே கொடுத்தார். மாட் 1929-இல் இறந்தார். 1932-இல் அவருடைய பெற்றோரும் கணவர் ஆர்தர் வின்சென்ட்டும் சுமார் 11,000 ஏக்கரை மகள் நினைவாக ஐரிஷ் அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள். அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா இப்படித்தான் பிறந்தது. இன்று அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளும் சேர்ந்து 10,000 ஹெக்டேருக்கு மேல்.

மாளிகைக்குள் மான் தலைகள் மாட்டிய நடைகூடத்தை விரைவாகத் தாண்டிவிட்டோம். கீழ்த்தளச் சமையல்கட்டில்தான் எங்களுக்கு நேரம் போனது. ஒவ்வொரு அறையிலிருந்தும் வேலைக்காரர்களைக் கூப்பிட ஒரு மணி, வரிசையாகச் சுவரில்.

சரி, காட்டுக்கு வருவோம். மக்ராஸ் ஏரிக்கும் லேன் ஏரிக்கும் நடுவே நீளும் நிலமூக்கில் ரீனடினா என்ற யூ காடு இருக்கிறது. யூ மரம் மட்டுமே சேர்ந்த காடு ஐரோப்பாவில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வெறும் சுண்ணாம்புப் பாறை மேல், மண் என்று சொல்ல முடியாத மெல்லிய பாசிப் படுகையில், வேர்கள் பாறை இடுக்குகளைத் தேடிப் பிடித்து நிற்கின்றன. உள்ளே பகலிலும் இருட்டு. தரையில் பூ இல்லை, புல் இல்லை. பாசி மட்டும், முழங்கால் உயரப் பாறைகளையும் விடாமல். இந்த மரத்தின் இலையும் விதையும் மனிதருக்கும் மாட்டுக்கும் விஷம்.

இருபது நிமிடம் நடந்து ஏரியின் மறுபக்கம் போனால் காடே மாறிவிடுகிறது. காரணம் காலடியில். சுண்ணாம்புக்கல்லும் பழைய சிவப்பு மணற்கல்லும் சந்திக்கும் கோடு இந்த ஏரி வழியாகத்தான் போகிறது. சுண்ணாம்பில் யூ, மணற்கல்லின் புளிப்பு மண்ணில் ஓக். ஏரியின் ஆழமும் லேசுப்பட்டதில்லை, சுமார் 75 மீட்டர்.

கரையோரம் அவள் காட்டிய இன்னொரு மரம் ஆர்பியூட்டஸ். சிவந்த பட்டை, கோணல் கிளை. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து மரம். நடுவில் இருக்கும் பிரிட்டனை விட்டுவிட்டு நேரே அயர்லாந்தில் வளர்கிறது. இதன் பழம் முற்ற ஒரு வருடம் ஆவதால் இலையுதிர் காலத்தில் பூவும் பழமும் ஒரே கிளையில் இருக்குமாம். 19-ஆம் நூற்றாண்டில் கில்லார்னித் தச்சர்கள் இந்த மரத்தை இழைத்துச் சித்திரம் பதித்த மேசைகளும் பெட்டிகளும் செய்து சுற்றுலாக்காரர்களுக்கு விற்றார்கள். மாளிகையில் சில இருக்கின்றன.

லேன், மக்ராஸ், மேல் ஏரி என்ற மூன்று ஏரிகளின் தண்ணீரும் சேரும் இடத்தில் டினிஸ் காட்டேஜ். முன்பு வேட்டைக்கும் விருந்துக்கும் வந்தவர்கள் இளைப்பாறிய வீடு. அதன் ஜன்னல் கண்ணாடிகளில் வைர மோதிரத்தால் கீறிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பாறையில் பெயர் செதுக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன் நான். வைரத்தால் கீறினால் அது வரலாறாகிவிடுகிறது.

வியாழன்: டோர்க் அருவி, பழைய கென்மேர் சாலை

அருவி இருபது மீட்டர் உயரம். சாலையிலிருந்து ஐந்து நிமிடத்தில் போய்விடலாம் என்பதால் பேருந்துக் கூட்டம். படம் எடுக்க வரிசை. அருவிக்குப் பக்கத்துப் படிகளில் ஏறத் தொடங்கியதும் கூட்டம் கழன்றுகொண்டது. மேலே போனால் பழைய கென்மேர் சாலை. இப்போதைய நெடுஞ்சாலை வருவதற்கு முன் குதிரையும் வண்டியும் மலை தாண்டிய வழி. இன்று இது கெர்ரி வே நெடும்பாதையின் ஒரு பகுதி. மஞ்சள் நிற நடைமனிதன் படம் போட்ட கட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. சதுப்பு வந்தால் பழைய ரயில் கட்டைகளைப் போட்டு, வழுக்காமலிருக்கக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். கட்டையை விட்டு இறங்கினால் ஷூ போய்விடும்.

மேல் சமவெளியில் மரம் இல்லை, காற்று மட்டும். அங்கே சிவப்பு மான்களைப் பார்த்தோம், தூரத்தில் ஒரு சிறு கூட்டம். அயர்லாந்தில் பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வாழ்ந்துவரும் சிவப்பு மான் கூட்டம் இது ஒன்றுதான். இவை பிழைத்ததற்குக் காரணம் கருணை இல்லை. இரண்டு எஸ்டேட்டுகளும் வேட்டைக்காக இவற்றைக் காவல் வைத்து வளர்த்தன. பிரபுக்கள் சுடுவதற்காக விட்டுவைத்ததால் மான் தப்பியது.

இந்த முரண்தான் நேற்றிலிருந்து என்னை விடாமல் துரத்துகிறது. அயர்லாந்து முழுக்கக் காடு அழிந்தது. கப்பலுக்கும் பீப்பாய்க்கும் இரும்பு உருக்கும் கரிக்கும் ஓக் வெட்டுண்டது. மிச்ச நிலத்தில் ஒரு துண்டு உருளைக்கிழங்குக்காக ஏழைகள் நெருக்கியடித்தார்கள். இங்கேயும் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓக் வெட்டினார்கள்தான். ஆனாலும் மதிலுக்குள், காவலுக்குள் இருந்ததால் காடு திரும்ப எழுந்தது. ஊர்க்காரன் உள்ளே வந்து விறகு பொறுக்க முடியாத காடு என்பதாலேயே இன்று நானும் அவளும் இதற்குள் நடக்கிறோம். இதை நினைத்து நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் செய்யலாம் போல.

எஸ்க்னமக்கி பள்ளத்தாக்கில் இறங்கியதும் ஓக் காடு மறுபடி ஆரம்பிக்கிறது. மழை பிடித்தது. இந்தக் காட்டை மழையில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளைமேலும் பாசி, பாசிமேல் பெரணி, பெரணிக்கு நடுவே தோல் போன்ற மரப்பாசிகள். மரம் எங்கே முடிகிறது, ஒட்டி வாழ்வது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. மிதவெப்ப மழைக்காடு என்று இதற்குப் பெயர், ஐரோப்பாவில் அபூர்வம். ஓர் ஈரப்பாறையில் வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்பு நத்தை ஒன்று ஓடு இல்லாமல் ஊர்ந்தது. கெர்ரி நத்தை. இதுவும் ஆர்பியூட்டஸ் போலத்தான்: இந்தப் பக்கமும் ஸ்பெயின், போர்ச்சுகலின் வடமேற்கும், அவ்வளவே இதன் உலகம். அவள் பத்து நிமிடம் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் ரோடோடெண்ட்ரான். ஊதாப் பூக்கள் ஒரு சரிவு முழுக்க. "என்ன அழகு!" என்றேன். அவள் முகம் மாறியது. எஸ்டேட் தோட்டங்களுக்கு அலங்காரமாகவும், வேட்டைப் பறவைகள் ஒளிந்துகொள்ளவும் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட செடி இது. மதிலைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. ஒரு பெரிய புதர் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விதை போடும். விஷ இலையை மான் தொடாது. அதன் நிழலில் ஓக் கன்று முளைக்காது. மேலே கிழட்டு ஓக் நிற்கும், கீழே ஒரு குழந்தை மரம்கூட இருக்காது. நம்மூர் மலைகளில் உண்ணிச்செடி செய்கிற அதே வேலை. பல பத்தாண்டுகளாகத் தன்னார்வலர்கள் வந்து வெட்டுகிறார்கள். வெட்டிய அடிக்கட்டையில் மருந்து வைக்காவிட்டால் திரும்பத் துளிர்க்கும். வைத்தாலும் சில ஆண்டுகள் கழித்து வந்து பார்க்க வேண்டும்.

சிகா மான் கதையும் இதேதான். ஜப்பான் பக்கத்து மான். 1865-இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இப்போது எண்ணிக்கை பெருகி, ரோடோடெண்ட்ரான் விட்டுவைத்த கன்றுகளை இவை மேய்கின்றன. 2021 ஏப்ரலில் தீ வேறு வந்து பூங்காவில் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கருக்கியது.

கால்வேஸ் பாலத்தில் வெளியே வந்தபோது உடம்பில் காய்ந்த இடம் இல்லை. மழை நின்றதும் மிட்ஜ் பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்த்தன. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், கடி மட்டும் பெரிது. அறைக்கு வந்ததும் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று காலைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். மான் நடமாடும் காட்டில் இதைத் தவிர்க்கக் கூடாது.

வெள்ளி: டன்லோ கணவாய், ஏரி வழித் திரும்பல்

கேட் கியர்னி காட்டேஜில் ஜார்விகள், அதாவது குதிரைவண்டிக்காரர்கள், வளைத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக இதே தொழில். நடக்கப்போகிறோம் என்றதும் ஒருவர் என் ஷூவைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, "பாதி வழியில் நான் வருவேன், அப்போது யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். சொன்னபடியே வந்தார். நாங்கள் ஏறவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பனிப்பாறை வெட்டிய கணவாய். இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே சின்னச் சின்ன ஏரிகள், அவற்றைக் கோத்தபடி ஒடுங்கிய சாலை. பத்துப் பதினொரு கிலோமீட்டர். காட்டுக்குள் இரண்டு நாள் கழித்து வந்தவனுக்கு இங்கே கொஞ்சம் மொட்டையாகத்தான் தோன்றியது. உச்சியைத் தாண்டி இறங்கும் இடத்தில் கறுப்புப் பள்ளத்தாக்கு விரிகிறது. அங்கே நின்று சாண்ட்விச் சாப்பிட்டோம்.

பிரண்டன் பிரபுவின் காட்டேஜில் காத்திருந்த படகு ஏறினோம். திறந்த மரப்படகு, பின்னால் சின்ன மோட்டார். மேல் ஏரி, அதிலிருந்து ஒடுங்கிய நீரோடை, பழைய வியர் பாலத்தின் கீழே பாய்ச்சல், மக்ராஸ் ஏரி, லேன் ஏரி என்று எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ராஸ் கோட்டையில் கொண்டுவிடும். தண்ணீர் குறைந்திருந்தால் பாலத்தடியில் பயணிகள் இறங்கி நடக்க வேண்டும். நேற்றைய மழையால் எங்களுக்கு அந்த வேலை மிச்சம். வழியில் டினிஸ் காட்டின் சரிவைப் பார்த்ததும் புதன்கிழமை நாங்கள் உட்கார்ந்த பாறையை அவள் அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்.

படகோட்டி ஒரு திசையைக் காட்டி, கழுகு இருந்தால் அங்கேதான் இருக்கும் என்றார். அயர்லாந்தில் வெள்ளைவால் கழுகுகளைச் சுட்டும் விஷம் வைத்தும் அழித்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. 2007-லிருந்து நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தப் பூங்காவில் விட்டார்கள். நாங்கள் கண்ணை இடுக்கிப் பார்த்தோம். ஒரு காகம் பறந்தது.

சனி: கில்லார்னி ஹவுஸ்

ரயிலுக்கு நேரம் இருந்தது. ஊருக்கு நடுவிலேயே இருக்கும் கில்லார்னி ஹவுஸ் தோட்டத்துக்குப் போனோம். கென்மேர் பிரபுக்களின் மிச்சம் இங்கே வந்து முடிகிறது. மாளிகை எரிந்தபின் குதிரை லாயங்களை வீடாக்கிக்கொண்டு இங்கே குடியிருந்தார்கள். அவர்களிடமிருந்து வாங்கியவர் ஜான் மக்ஷேன், அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போனவர்களின் மகன். ஃபிலடெல்ஃபியாவில் கட்டட ஒப்பந்தக்காரராக வளர்ந்து அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனைக் கட்டியவர்களில் ஒருவர். 1970-களில் அவர் இனிஸ்ஃபாலன் தீவையும் இந்த நிலத்தையும் ஒவ்வொன்றாக அரசுக்கு விட்டுக்கொடுத்தார். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறிய ஜனங்களின் பிள்ளை ஒருவர் திரும்பி வந்து பிரபுவின் தோட்டத்தை வாங்கினார் என்பதைப் படித்துவிட்டுப் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்த ஊர்ப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரும் கட்டணம் கேட்கவில்லை.

"சித்தப்பா, குளிர்காலத்துல ரோடோடெண்ட்ரான் வெட்ட ஆள் சேர்ப்பாங்களாம், நான் பேர் கொடுக்கப்போறேன்" என்றாள்.

"அந்த மழையிலயா?"

"நீங்களும் வாங்க. ஷூ மட்டும் மாத்திட்டு வாங்க."